பழைய கோயிலை இடிக்க அவசரப்பட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று போன மாதப் பங்குக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் காசு தரத் தயார். நல்ல மனம்தான், ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

சுவர் உக்கிவிட்டது என்கிறார்கள். உக்கியது சுவரா? சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தச் சுவருக்கு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த உதவித் திட்டமொன்றில் சீமெந்து பூசினார்கள், நாங்களும் சந்தோசமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். சுண்ணாம்புச் சுவர் மாரியில் குடித்த ஈரத்தைக் கோடையில் வெளியே விடும், சீமெந்து அதை மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சு பழைய சாந்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழும். பீடத்துக்குப் பின்னால் காசு போதாமல் பூசாமல் விட்ட துண்டு இருக்கிறது, நகத்தால் கீறிப் பாருங்கள், ஒரு பொட்டும் உதிராது.

மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தை 1670 இல் மடுக் காட்டுக்குக் கொண்டுவந்தவர்களும், அதே சொரூபத்தை 2008 இல் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனவர்களும் வாழ்ந்த மண் இது. எங்கள் ஊரிலும் 2009 இல் போருக்குத் தப்பி ஓடும்போது ஒரு ஐயா ஞானஸ்நானப் பதிவேட்டை உரப்பையில் சுற்றி, தன் உடுப்பை விட்டுவிட்டு அதைச் சுமந்துகொண்டு போனார். எல்லாம் எரிந்து, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் திரும்பி வந்த எத்தனை பேர் அந்தப் பதிவேட்டில்தான் தங்கள் பிறந்த திகதியைத் தேடிப் பிடித்தார்கள்! கறையான் ஏற முதல் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

தொல்பொருள் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் இருக்க வேண்டாம், அது தானாகக் காப்பது 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடங்களைத்தான். அமலமரித் தியாகிகள் என்ற குருக்கள் சபையினர் இலங்கைக்கு வந்ததே 1847 இல், அவர்கள் காலத்தில் எழுந்த எங்களைப் போன்ற கிராமக் கோயில்களைப் பங்கு மக்கள்தான் பார்க்க வேண்டும்.

வருகிற காசில் முதலில் கூரை ஓட்டைப் பிரித்துக் கறையான் தின்ற மரத்தை மாற்றுவோம், தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுவோம், சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மாரைக் கூப்பிடுவோம். அடுத்த கூட்டத்துக்கு முதல் எல்லோரும் ஒருதரம் பீடத்துக்குப் பின்னால் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

பங்கு மகன் ஒருவன்,
வன்னி.