பூவை வெட்டுங்கள், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் டேலியா உங்கள் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. உச்சியில் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு பூ. அதன் கனம் தாங்காமல் தண்டு வேலிப் பக்கம் சாய்ந்துவிட்டது. கீழே, பழுப்பேறிய பழைய பூக்கள் ஐந்தாறு அப்படியே தொங்குகின்றன. "பறிக்க மனசே வரல, செடியிலயே இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, உறைபனி விழ ஆரம்பித்தால் கிழங்கை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் ஒரே பதில்தான் சித்தி. கத்தியை எடுங்கள். டேலியா வெட்டி வளர்க்க வேண்டிய செடி. சின்னதாக இருக்கும்போது நுனியை வெட்ட வேண்டும், பூத்தால் பூவை வெட்ட வேண்டும், பனி பட்டதும் தண்டை வெட்ட வேண்டும், கடைசியில் கிழங்கையே வெட்டிப் பிரிக்க வேண்டும். இதற்கு மனசு வராமல்தான் நானும் முதல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். உங்களைப் போலவே தயங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் போனில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூரியகாந்தி, செவ்வந்தி குடும்பத்தைச் சேர்ந்தது டேலியா. நாம் ஒரு பூ என்று சொல்வது, ஏராளமான சின்னப் பூக்கள் ஒரே காம்பின் தலையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கொத்து. நாம் இதழ் என்று எண்ணுகிற ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. இந்தக் கொத்து வாடியதும் செடி விதை பிடிக்கப் பார்க்கும். விதை முற்ற ஆரம்பித்தால் சத்தெல்லாம் அந்தப் பக்கம் போய், புது மொட்டு விடுவது குறைந்துவிடும். உங்கள் செடியில் தொங்கும் அந்த ஐந்தாறு பழைய பூக்கள் செய்வது இதைத்தான்.

அவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வாடி இதழ் உதிர்த்த பூவும் புது மொட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நான் எத்தனையோ நல்ல மொட்டுகளைக் கிள்ளி எறிந்திருக்கிறேன். மொட்டு சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டையாக, தட்டையாக இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பூத்து முடிந்தது கூம்பு மாதிரி முனை நீண்டிருக்கும். அழுத்தினால் மெத்தென்று ஈரம் கசியும். இரண்டு நாள் தொட்டுப் பார்த்தால் விரலுக்கே பழகிவிடும்.

அப்புறம், நல்ல பூவை வெட்டுவது. டேலியா மொட்டை வெட்டிக் குடுவையில் வைத்தால் அது விரிவதில்லை. ரோஜாவை நம்பி வெட்டுவதுபோல இதை வெட்ட முடியாது. முக்கால்வாசி விரிந்ததும் வெட்ட வேண்டும். பூவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காம்பை ஒட்டிய கடைசி வரிசை இதழ்கள் விறைப்பாக, நிறத்தோடு இருந்தால் சரியான பருவம். அவை காகிதம்போல மெலிந்து சுருள ஆரம்பித்திருந்தால் பூவுக்கு வயதாகிவிட்டது. முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாளை மறுநாள் கொட்டிவிடும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் தயங்குவார்கள். பூவுக்குக் கீழே நாலு விரல் விட்டு வெட்டினால் அடுத்த பூவும் நாலு விரல் காம்போடுதான் வரும். கத்தியை ஒன்றரை அடி கீழே இறக்குங்கள். தண்டில் எதிரெதிராக இரண்டு இலை பிரியும் கணு இருக்கும் இல்லையா, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டும் தண்டோடு பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சின்ன மொட்டுகளும் போய்விடும். மனசு வராத இடம் இதுதான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணுவின் இரண்டு இலைக்கக்கத்திலிருந்தும் இரண்டு தண்டுகள் கிளம்பும். அவை நீளமாக, நிமிர்ந்து வரும். ஒரு பூ போன இடத்தில் இரண்டு பூ. நான் இதை நம்பாமல் ஒரே செடியின் ஒரு பாதியை ஆழமாகவும் மறுபாதியை மேலோட்டமாகவும் வெட்டிப் பார்த்தேன். அந்த வருடக் கடைசியில் மேலோட்டமாக வெட்டிய பாதி, குட்டைக் காம்புகளாகப் பின்னிக்கொண்டு புதராகிவிட்டது.

வெட்டுவதற்கு விடியற்காலைதான் நல்ல நேரம். இரவெல்லாம் நீர் குடித்துத் தண்டு தெம்பாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் குடுவைக்குப் போவதற்குள் தலை தொங்கிவிடும். தண்டு உள்ளே குழாய்போல வெறுமையாக இருப்பதால் நீர் ஏறுவதில் டேலியா கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். கை வைக்க முடியாத சூட்டில், எழுபது டிகிரி செல்சியஸ் சுமாருக்கு, தண்ணீரை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு எடுத்து, கீழ் இலைகளைக் களைந்த காம்பை அதில் நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் பூ நிமிர்ந்து நிற்கும். ஆவி பூவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஐந்து நாள், மிஞ்சிப் போனால் ஆறு நாள்தான். டேலியாவிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. வெளியே செடி அடுத்ததைத் தயார் செய்துகொண்டிருக்கும்.

இனி உறைபனி. இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு என்ன வேண்டும் என்பதும் புரிந்துவிடும். இதன் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதிகளும் மத்திய அமெரிக்காவும். 1789-ல் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. 1791-ல் அங்கே இருந்த கவானியெஸ் என்ற ஸ்பெயின் தாவரவியலாளர், ஆன்டர்ஸ் டால் என்ற சுவீடன் தாவரவியலாளரின் நினைவாக இதற்கு டேலியா என்று பெயர் வைத்தார். 1963-ல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. அந்த மலைகளில் மழைக்காலம் முடிந்தால் நீண்ட வறட்சி. மேலே இருப்பதெல்லாம் காய்ந்துபோக, கிழங்கு மட்டும் உலர்ந்த மண்ணுக்குள் தூங்கும். ஆக, கிழங்கு பழகியது வறட்சிக்கு. மண் உறைவதற்கு இல்லை. உறைந்தால் அதில் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, கிழங்கு கூழாகிவிடும். குளிர்காலத்தில் நாம் செய்யும் அத்தனை வேலையும், அந்த மலையின் வறண்ட மாதங்களை ஒரு பெட்டிக்குள் கொண்டுவரும் முயற்சிதான்.

முதல் உறைபனிக்கு மறுநாள் காலையில் வெளியே போனால் வயிறு பதறும். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். பயப்படாதீர்கள், கிழங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பனி வரும் என்று பயந்து அதற்கு முன்பே அவசரப்பட்டுத் தோண்டவும் வேண்டாம். பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கீழே குறையும் நாட்களில்தான் டேலியா கிழங்கைப் பெருக்க வைக்கிறது. கடைசி வாரங்கள் கிழங்குக்கு விருந்து வாரங்கள். கறுத்த பிறகு தண்டை அரையடி விட்டு வெட்டிவிட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ மண்ணிலேயே விடுங்கள். தோல் கொஞ்சம் தடிக்கும். அந்த இடைவெளியில் மண்ணே உறைந்துவிடும் என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

தோண்டும்போது தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி மண்வாரியை இறக்கி, நாலு பக்கமும் நெம்பி, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. கிழங்கு தண்டோடு சேரும் இடம் கழுத்துபோல ஒடுங்கியிருக்கும். பென்சில் கனம்கூட இராது. அது முறிந்தால், கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயன் இல்லை. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். டேலியாவுக்குக் கண் கழுத்துக்கு மேலே, தண்டின் அடியில்தான். அதனால் கத்திக்கு அஞ்ச வேண்டிய இடம் என்று இந்தச் செடியில் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கழுத்துதான். மற்ற எங்கேயும் துணிந்து வெட்டலாம்.

மண்ணை உதறி, தண்டு கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். குழாய்த் தண்டுக்குள் தேங்கிய நீர் வடிந்துவிடும். இல்லையென்றால் அந்த நீர்தான் கழுத்தை அழுகவைக்கும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் காய்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் வற்ற ஆரம்பிக்கும். எந்தக் கிழங்கு எந்த நிறம் என்று அப்போதே எழுதிக் கட்டிவிடுங்கள். மறக்க மாட்டோம் என்றுதான் நினைப்போம்.

முதல் வருடம் நான் செய்த தப்பு என்ன தெரியுமா? கிழங்குகளைக் கழுவி, ஈரம் முழுக்கக் காயும் முன் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி மூடிவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது வந்த வாசனையை இன்னும் மறக்கவில்லை. பதினோரு கிழங்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம் பயந்துபோய் ஒரு உறையும் இல்லாமல் அப்படியே அலமாரியில் வைத்தேன். வற்றல் ஆகிவிட்டன. இப்போது அட்டைப்பெட்டியில் மரத்தூளோ, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளோ பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் கிழங்குகளை வைத்து, மேலேயும் தூவி, மூடியை லேசாகச் சாத்தி வைக்கிறேன். நாலு முதல் பத்து டிகிரி வரை குளிர்ச்சி இருக்கும் இருட்டு இடம் வேண்டும். மாதம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். மெத்தென்று ஆன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டுவாயைக் காயவிட்டு மறுபடி வைக்கலாம். தோல் சுருங்குவது தெரிந்தால் மரத்தூளில் லேசாக நீர் தெளிக்கலாம். கெட்டியாக, கேரட் மாதிரி இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

மண் மேலாக மட்டும் குளிரும் ஊர்களில் கிழங்கைத் தோண்டாமல் மேலே ஒரு முழத்துக்குச் சருகு போர்த்தி விடுகிறவர்களும் உண்டு. தண்ணீர் வடியும் மண் என்றால் சரி. உங்கள் மண் களிமண், ஈரம் நிற்கும். தோண்டிவிடுங்கள்.

"கடையில் புதுசு வாங்கிக்கலாமே" என்றும் கேட்டீர்கள். வாங்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து டேலியாவில், மரபுக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் தொகுதி எட்டு, மொத்தம் அறுபத்து நாலு. பெரும்பாலான செடிகளில் இரண்டு தொகுதிதான். அதனால் விதை போட்டால் தாயைப்போலப் பிள்ளை வராது. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு வடிவம். ஒரு பூ அதே பூவாக நிலைக்க வேண்டுமென்றால் கிழங்கோ, துளிரை வெட்டி வேர்விடவைத்த கன்றோதான் வழி. பிஷப் ஆஃப் லாண்டாஃப் என்று ஒரு வகை, கறுத்த இலை, இரத்தச் சிவப்புப் பூ. 1924-ல் வேல்ஸில் வெளிவந்தது. இன்றைக்கும் கிடைக்கிறது. யாரோ ஒவ்வொரு குளிர்காலமும் அதைத் தோண்டியோ போர்த்தியோ காப்பாற்றி, வெட்டிப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் அது இருக்கிறது. எனக்கு அதை நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

பிரிக்கிற வேலையைக் குளிர் முடியும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்கள் பருபோல, லேசான இளஞ்சிவப்பில் புடைத்திருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, முறியாத கழுத்து, ஒரு கண், இந்த மூன்றும் இருந்தால் அது ஒரு செடி. ஒரு கொத்தை முடித்து அடுத்ததைத் தொடுமுன் கத்தியைக் கிருமிநாசினியில் துடையுங்கள். இலையில் மஞ்சள் நரம்போடி, வளராமல் குன்றிப்போகும் வைரஸ் நோய் ஒன்று இருக்கிறது. மருந்து கிடையாது, அசுவினிப் பூச்சி மூலமாகவும் பரவும். அப்படி ஒரு செடியைப் பார்த்தால் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள்.

நடுவது பெரிய வித்தை இல்லை. ஆறு மணி நேரமாவது வெயில் படுகிற இடம், அரையடிக்குள் ஆழம், கிழங்கைப் படுக்கவைத்துக் கண் மேலே பார்க்க வேண்டும். குச்சியை அப்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். துளிர் மண்ணுக்கு மேலே தெரியும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்; உங்கள் கை சும்மா இருக்காது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேர் இல்லாத கிழங்கு ஈர மண்ணில் அழுகத்தான் செய்யும். தழைச்சத்து அதிகமான உரமும் வேண்டாம், இலைதான் மண்டும். இளம் துளிரை ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் தின்று தீர்க்கும், டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள்.

நாலு ஜோடி இலை வந்ததும் நடு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இந்த வருடம் நீங்கள் கிள்ளவில்லை, அதனால்தான் ஒற்றைத் தண்டாக ஓடி, உச்சியில் ஒரே ஒரு பூவைச் சுமந்துகொண்டு சாய்ந்து நிற்கிறது.

அது அடுத்த வருடக் கதை. உறைபனிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும் என்கிறீர்கள், அதற்குள் இன்னொரு சுற்றுப் பூக்கும். நாளைக் காலை, காப்பி குடிக்கும் முன்பே போய், வேலிப் பக்கம் சாய்ந்த அந்தத் தண்டை மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டுங்கள். பூவை உங்கள் சாப்பாட்டு மேஜையில் வையுங்கள். கணுவில் துளிர் எட்டிப் பார்த்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா பிள்ளை