கல்பாசி பூவும் அல்ல, பாசியும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செட்டிநாட்டுச் சமையல் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். உப்புக்கறிக்கும் கோழிக்குழம்புக்கும் சொன்ன பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மசாலாவில் போடும் கல்பாசியைப் 'பாறையில் பூக்கும் பூ' என்று எழுதிவிட்டு, இரண்டு பத்தி தள்ளி 'காயவைத்த பாசி' என்றும் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். நான் காரைக்குடியில் நாற்பது வருடமாக மளிகைக்கடை நடத்துகிறேன். என் கடை விலைப்பலகையிலேயே வெகுகாலம் 'கல்பூ' என்றுதான் இருந்தது. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. இருந்தாலும் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கல்பாசி ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. உடம்பையும் கூரையையும் கொடுப்பது பூஞ்சை. உள்ளே உட்கார்ந்து வெயிலை வைத்துச் சமைப்பது பாசி. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பார்கள்': வீடு ஒன்று, உலை தனித்தனி. லைக்கனில் வீடும் ஒன்று, உலையும் ஒன்று.

இதை 1867-ல் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர்களே ஏற்கவில்லை. எதிர்த்தவர்களில் ஒருவர் நைலாண்டர். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாரிஸ் நகரில் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் இருப்பதைப் பார்த்து, காற்று சுத்தமா இல்லையா என்பதை இவற்றை வைத்தே சொல்லலாம் என்று 1866-லேயே எழுதியவர். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு, உள்ளே இருப்பது இரண்டு பேர் என்பது மட்டும் பிடிபடவில்லை. அந்த 'இரண்டு பேர்' கணக்கும் 2016-ல் ஆட்டம் கண்டது. டோபி ஸ்ப்ரிபில் என்ற லைக்கன் ஆராய்ச்சியாளரின் குழுவினர் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். எல்லா லைக்கனிலும் அது உண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு இதெல்லாம் என் மகள் சொல்லித் தெரிந்தது. தாவரவியல் படித்தவள். பொங்கலுக்கு வந்தவள் கடைச் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி கல்பாசியை அள்ளிச் செய்தித்தாளில் பரப்பினாள். வைரத்தோடு பார்க்க எங்கள் அப்பச்சி வைத்திருந்த லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, "பாருங்க" என்றாள். மேல்பக்கம் சாம்பல் நிறம். திருப்பினால் அட்டைக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. விளிம்பில் கோலமாவு சிந்தியதுபோல ஒரு தூள். அந்தத் தூளின் ஒவ்வொரு பொடிக்குள்ளும் கொஞ்சம் பூஞ்சை நூலும் சில பாசிச் செல்களும் சேர்ந்தே இருக்குமாம். காற்று கொண்டுபோய் இன்னொரு மரத்தில் போட்டால் அங்கே புதுக் குடித்தனம். நாற்பது வருடம் கையால் அள்ளிய சரக்கு. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்புறம் அவள் பிரிக்க ஆரம்பித்தாள். அகல இலைபோல இருந்தது ஒரு குவியல். பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்று நூல்களில் வரும் கல்பாசி அது. மான்கொம்புபோலக் கிளைவிட்ட ஒல்லி நாடாக்கள் இரண்டாவது குவியல். தாடி மயிர்போன்ற சில இழைகள் மூன்றாவது. நாலாவது குவியல் வெறும் மரப்பட்டைச் சில்லு. அதற்கும் கிலோக் கணக்கில் நான் காசு கொடுத்திருக்கிறேன்! ஆக, நாம் 'கல்பாசி' என்று ஒருமையில் சொல்வது சந்தையில் பல இனங்களின் கலப்பு.

இன்னொன்று. செட்டிநாட்டுக் கல்பாசி என்கிறோமே, அது செட்டிநாட்டில் விளைவதில்லை. அன்னாசிப்பூவைப் போல, பட்டையைப் போல அதுவும் வெளியூர்ச் சரக்கு. மூட்டம் போடும் மலைகளில், மரத்திலும் பாறையிலும் வருவது. இமயமலைச் சரிவுகளிலிருந்து பெருவாரியாக வருகிறது. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் வரப் பல வருடம் ஆகும். மலையில் ஒருவர் ஒரு நிமிடத்தில் உரித்துவிடுவார். கட்டுரையில் ஒரு குழம்புக்கு 'ஒரு கைப்பிடி' என்று போட்டிருக்கிறது. எங்கள் ஆத்தா இரண்டு இதழுக்கு மேல் போட்டதில்லை. கைப்பிடி போட்டால் குழம்பு கசக்கவும் செய்யும்.

கட்டுரை வந்த மறுவாரம் ஓர் ஆச்சி கடைக்கு வந்து, "தம்பி, நம்ம வீட்டு மதில்ல இது அப்பிக் கிடக்கே, சொரண்டிப் போட்டா ஆகாதா?" என்றார்கள். ஆகாது ஆச்சி என்றேன். மதிலில் ஓடுபோல ஒட்டிக் கிடப்பது வேறு இனம். லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உறிஞ்சும். ரோட்டோரத்து உலோகத் தூசியும் அதில் சேரும். விஷமுள்ள லைக்கன்களும் உலகத்தில் உண்டு.

உலகத்தில் ஏறக்குறைய 20,000 லைக்கன் இனங்கள், இந்தியாவில் மட்டும் 2,000-க்கு மேல். இங்கே இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் லக்னோ பல்கலைக்கழகத்து டி. டி. அவஸ்தி. அவர் சேகரித்த மாதிரிகள் அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கின்றன. நம்ம ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியும் அதுவும், சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அறிவியல் அமைப்பின் ஒரே குடும்பம்தான். காரைக்குடியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. குன்றக்குடிப் பாறையிலும், திருமயம் கோட்டைச் சுவரிலும், ஊருணிப் படிக்கட்டிலும் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு வகுப்புப் பிள்ளைகள் லென்ஸோடு போய்க் குறித்து வரலாம். சுரண்ட வேண்டாம், படம் எடுத்தால் போதும். பெரிய ரோட்டு மரத்தில் எத்தனை, உள்ளூர்த் தோப்பில் எத்தனை என்று எண்ணினால் நைலாண்டர் பார்த்தது நமக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் நல்லது. கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும். லென்ஸ் கல்லாப்பெட்டியில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி