வாசித்தவர் பெயரை எழுதி அனுப்புங்கள்

ஜாஸ், பாப் ஆல்பங்களை வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அவற்றைக் கேட்பவர்களிடம் கொண்டு சேர்க்கும் ஸ்ட்ரீமிங் சேவையினருக்கும்,

வணக்கம்.

புது ஆல்பங்களைக் கேட்டு, எழுதி, நட்சத்திரம் போடுவது என் வேலை. பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். உங்களில் நிறையப் பேருக்கு என்னிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும்: "இதில் யார் யார் வாசித்திருக்கிறார்கள்?" சிலர் பதில் போட்டீர்கள். பெரும்பாலானோர் போடவில்லை. தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பியானோ கலைஞரின் புது ஆல்பம். எட்டு டிராக். வெளியீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது இணைப்பு வந்தது. கூடவே மூன்று பக்க அறிமுகக் குறிப்பு. எந்த மனநிலையில் இசையமைத்தார், அட்டைப்படத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார், எல்லாம் விரிவாக இருந்தது. உடன் வாசித்த நால்வரின் பெயர் மட்டும் இல்லை. அன்றைக்கே கேட்டு எழுதினேன். மறுநாளும் எழுதினேன். "விவரங்கள் விரைவில் வரும்" என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

அந்த ஆல்பத்தின் ஐந்தாவது டிராக்கில், மூன்றாம் நிமிடத்தை ஒட்டிப் பியானோ ஒதுங்கிக்கொள்கிறது. டிரம்ஸ் வெறும் பிரஷ் உரசலாகத் தேய்ந்து நின்றுபோகிறது. அப்புறம் பேஸ் என்கிற தாழ்ந்த சுரங்களுக்கான கம்பி வாத்தியம் மட்டும். அவசரமே இல்லை. ஒரு சுரத்தை எடுத்து, அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்து, கம்பியில் விரல் சறுக்குவதுகூடக் காதில் விழும்படி அடுத்த சுரத்துக்கு இறங்குகிறது அந்தக் கை. நடுவில் ஒருமுறை, ரொம்ப மெல்லிசாக, வாசிப்பவர் தனக்குள் முனகுவதும் மைக்கில் பதிந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் ஒன்பது முறை கேட்டேன். மூன்றரை நட்சத்திரத்தில் நின்றிருக்க வேண்டிய ஆல்பத்தை நாலுக்கு ஏற்றியது அந்த ஒன்றரை நிமிடம்தான்.

இப்படி வாசித்தவரைப் பெயர் சொல்லாமல் எப்படிப் பாராட்டுவது? அந்தப் பியானோ கலைஞரோடு மேடையில் வழக்கமாகப் பேஸ் வாசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் என்று நினைத்து அவர் பெயரைப் போட்டுவிட்டேன். அது என் தப்பு, உறுதியாகத் தெரியாததை எழுதியிருக்கக் கூடாது. விமர்சனம் வெளியான மூன்றாம் நாள் அவரே எனக்கு எழுதினார். "நன்றி. ஆனால் அந்த ஆல்பத்தில் நான் இல்லை" என்று சொல்லி, வாசித்த பெண்ணின் பெயரையும் தந்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "எனக்கு இது பழகிவிட்டது. முடிந்தால் திருத்துங்கள், அடுத்த இடத்தில் வாய்ப்புக் கேட்கும்போது காட்ட உதவும்" என்று இரண்டே வரி. உடனே திருத்தினேன். அதற்குள் என்னுடையதைப் பார்த்து வேறு இரண்டு பேர் அதே தவறான பெயரை எழுதிவிட்டார்கள். ஆல்பத்தின் பக்கத்தில் இன்றைக்கும் பியானோ கலைஞரின் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. "பழகிவிட்டது" என்று ஒரு இசைக்கலைஞர் எழுத வேண்டிய நிலைமையை உண்டாக்கியது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு டிராக்கிலும் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்பதை எழுதி, ஆல்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். கேட்கிறவர் கண்ணிலும் அது படும்படி வையுங்கள்.

விமர்சகனுக்கு மட்டும் பயன்படுகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959இல் பதிவானது. அப்போது அவர் குழுவில் வழக்கமாகப் பியானோ வாசித்தவர் விண்டன் கெல்லி. ஆனால் அந்த ஆல்பத்தில் கெல்லி வாசித்தது ஒரே ஒரு டிராக், 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. மற்ற நாலிலும் பில் எவான்ஸ். பெயர் எழுதி வைத்திருந்ததால் நமக்கு இது தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் நான் செய்த அதே தப்பை யாராவது செய்திருப்பார்கள். வழக்கமான ஆள் இவர்தானே என்று எவான்ஸின் வாசிப்பு முழுவதையும் கெல்லியின் கணக்கில் எழுதியிருப்பார்கள். இரண்டு பேருக்குமே அது அநியாயம். கெல்லியின் துள்ளல் வேறு, எவான்ஸின் நிதானம் வேறு. அந்த வித்தியாசத்தைப் பெயர் தெரிந்துதான் நம் காது கற்றுக்கொண்டது.

சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் இன்னும் நல்ல உதாரணம். 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். ஸ்டீரியோவில் ஒரு குழு இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். இடது காதில் பேஸ் வாசிப்பவர் ஸ்காட் லஃபாரோ, வலது காதில் சார்லி ஹேடன். முதலில் கேட்டபோது எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருநாள் இடது பக்கத்தை மட்டும், மறுநாள் வலது பக்கத்தை மட்டும் கேட்டேன். எட்டுப் பேரும் தனித்தனி மனிதர்களாகப் பிரிந்து வந்தார்கள். லஃபாரோ மேல் ஸ்தாயியில் ஓடி ஓடிப் பேசுகிறார், ஹேடன் கீழே தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்று முதன்முதலாக ஜாஸ் கேட்க வருகிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இந்த வழியை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

பாப்பில் நிலைமை இன்னும் மோசம். அறுபதுகளில் அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி பெற்றபோது, அவற்றில் மிகப் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகமே அந்தப் பேஸுக்கு ஆடியது. உறையில் அவர் பெயர் கிடையாது. 1971இல் அதன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வந்தபோதுதான் அந்த நிறுவனம் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்டது. ஜேமர்சன் 1983இல் இறந்துபோனார். அந்தத் தவறைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ எழுதிவிட்டார்கள், பேசிவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, அதே தவறை இன்று நீங்கள் தொடர்ந்து செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டை எழுதியவர், தயாரித்தவர் பெயர்கள் இப்போது ஓரளவு வருகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஸ்பாட்டிஃபை 2018இல் அவற்றைக் காட்டத் தொடங்கியது. வாசித்தவர்களையும் காட்டுகிற சேவைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் பாதி ஆல்பங்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. சேவையைக் கேட்டால் நிறுவனம் அனுப்பவில்லை என்கிறார்கள். நிறுவனத்தைக் கேட்டால் அனுப்பினோம், சேவைதான் காட்டவில்லை என்கிறார்கள். நடுவில் நிற்கிற வாத்தியக்காரர் யாரிடம் போய்க் கேட்பது?

வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்ட, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு தருகிறீர்கள். அது இல்லாவிட்டால் உங்களுக்குப் பணம் வராது என்பதால் ஒருபோதும் விட்டுப்போவதில்லை. யார் எதை வாசித்தார் என்பதை ஸ்டுடியோவிலேயே குறித்துக் கைமாற்றுவதற்கும் இசைத் துறையின் தகவல் பரிமாற்றத்துக்கு விதிமுறை வகுக்கும் டிடெக்ஸ் அமைப்பு தர வடிவம் வகுத்து வைத்திருக்கிறது. பதிவு நடக்கும் நாளில் அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு தாளில் ஐந்து பெயர் எழுத எத்தனை நிமிடம் ஆகும்?

இதோடு வேறு சிலவும் மனதில் இருக்கின்றன, சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். எல்லாம் ஒரே நாளில் கொட்டுகிறது. நான் ஒரு ஆல்பத்தைக் குறைந்தது மூன்று முறை கேட்காமல் நட்சத்திரம் போடுவதில்லை. முதல் முறை சும்மா, இரண்டாம் முறை ஹெட்போனில், மூன்றாம் முறை ஒருநாள் விட்டு, பேனாவோடு. நீங்களோ மூன்றாம் நாள் செத்துப்போகிற இணைப்பை அனுப்புகிறீர்கள். வியாழக்கிழமைக்குள் விமர்சனம் வேண்டும் என்கிறீர்கள். வெளியான பிறகு ஆல்பத்தையே மாற்றுகிறீர்கள். ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016இல் 'தி லைஃப் ஆஃப் பாப்லோ' ஆல்பத்தை வெளியிட்டுவிட்டுப் பாட்டுகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். நான் நாலு நட்சத்திரம் போட்டது எதற்கு, இன்று கேட்கிறவர் கேட்பது எதை? அவர் செய்ததையாவது உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது சத்தமில்லாமல் ஒரு மிக்ஸை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறார்கள், ஒரு குறிப்புகூட இல்லை. இயந்திரமே பாட்டை உருவாக்கித் தள்ளுகிற இந்தக் காலத்தில், இந்த சாக்ஸபோனில் மூச்சு விட்டது ஒரு மனிதர் என்று சொல்வதற்காவது ஒரு பெயர் வேண்டாமா?

மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்று, எங்கேயோ போய்விட்டேன். மற்றவற்றை மெதுவாகச் சரி செய்யுங்கள், காத்திருக்கிறேன். வாசித்தவர்களின் பெயரை மட்டும் தயவுசெய்து இப்போதே அனுப்பத் தொடங்குங்கள்.

பெயர்ப்பட்டியல் இல்லாத ஆல்பத்துக்கு இனி நட்சத்திரமே போடுவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் அடி விழுவது வாசித்தவர்மேல்தான், உங்கள்மேல் இல்லை. ஆகையால் நட்சத்திரம் போடுவேன். அதற்குக் கீழேயே, "வாசித்தவர்களின் பெயரை இரண்டு முறை கேட்டும் வெளியீட்டு நிறுவனம் தரவில்லை" என்று ஒவ்வொரு முறையும் எழுதுவேன். பெயர் வந்த அன்றே அந்த வரியை எடுத்துவிட்டு, பெயர்களை மேலே போடுவேன்.

வரும் வெள்ளிக்கிழமைக்கு என் மேஜையில் ஆறு ஆல்பங்கள் இருக்கின்றன. நாலு ஜாஸ், இரண்டு பாப். ஆறில் இரண்டுக்குத்தான் பெயர்ப்பட்டியல் வந்திருக்கிறது. மீதி நாலில் ஒன்றின் இரண்டாவது டிராக்கில் டிரம்ஸ் வாசித்திருக்கிறவர், பாட்டு முடிந்த பிறகும் சிம்பலைக் கையால் பிடித்து அடக்காமல், அது தானாக ஓயும்வரை விட்டுவைக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாலு ஆல்பத்தின் தலைப்புகளையும் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். புதன்கிழமைக்குள் பெயர்களை அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்பங்களைக் கேட்டு எழுதும் ஒரு விமர்சகர்