நீராடல் நாளில் கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி அமாவாசை, மாசி மகம், கங்கா ஸ்நானம் ஆகிய நாள்களில் கடலில் இறங்குவோரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. ஏற்றத்தின்போது கடல் கரைப்பக்கம்தான் தள்ளும், வற்றும்போதுதான் பயப்பட வேண்டும் என்பார்கள். மொரீஷியஸின் பவளப்பாறைக் கடலுக்கு இது பொருந்தாது.

இங்கே ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, சிறியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அரை மீட்டர் அளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரைக்கும் பவளப்பாறைக்கும் இடைப்பட்ட கடல் 4 சதுர கிலோமீட்டர், வெளியே போக ஒரே வாய், அதாவது நம் ஊர்ப் பேச்சில் லாபாஸ், 100 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம் என்று கொள்வோம். அரை மீட்டர் வற்றினால் 20 லட்சம் கன மீட்டர் நீர் சுமார் ஆறேகால் மணி நேரத்தில் அந்த வாய் வழியே வெளியேற வேண்டும். ஓட்டம் சராசரியாக நொடிக்கு 18 சென்டிமீட்டர், வற்றத்தின் நடுவில் 28. இதை எதிர்த்து யாரும் நீந்திவிடலாம்.

ஆளை இழுத்துச் செல்வது அலை கொண்டுவந்து கொட்டும் நீர். பிரிசான் எனும் பாறை விளிம்பில் உடையும் ஒவ்வொரு அலையும் பாறையைத் தாண்டி நீரை உள்ளே தள்ளுகிறது. அது வந்த வழியே திரும்ப முடியாது, பக்கவாட்டில் ஓடி வாயைத்தான் தேடும். பாறையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நொடிக்கு 200 லிட்டர் விழுவதாக வைத்தால், 3 கிலோமீட்டர் பாறைக்கு 600 கன மீட்டர். அதே வாயில் ஓட்டம் நொடிக்கு 1.2 மீட்டர் ஆகிவிடும். சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் நொடிக்கு ஒரு மீட்டர்கூட நீந்துவதில்லை. கடல் ஏறும்போது பாறை முகட்டின் மேல் ஆழம் கூடுவதால் உள்ளே விழும் நீர் பெரும்பாலும் அதிகமாகும். ஆக, அலை பெருத்த நாளில் ஏற்றத்திலும் வாயருகே ஓட்டம் வெளிப்பக்கமே!

ஆடி அமாவாசைதான் எங்களுக்கு அதிகக் கவலை. அது நமக்குக் குளிர்காலம். தென்கிழக்குக் காற்று ஓயாத பருவம், தென்கடல் அலைகளும் சேரும். உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலின் அலை வந்துசேரும். அதை ‘ரா தெ மாரே’ என்கிறோம். பெயரில் ஓதம் இருக்கிறதே தவிர, ஓதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மூழ்கினால் புண்ணியம் கூடுதல் என்று தேடிப் போகிறோம். ஆற்றின் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடாது. அதனால் பாறை வாய்கள் பல ஆற்று முகத்துக்கு எதிரேயே இருக்கின்றன. தமாரேன் விரிகுடாவில் அலை தடையின்றி உள்ளே வருவதற்கும் இதுவே காரணம். தெற்கே கிரி-கிரியில் காக்கும் பாறையே இல்லை. அங்கே கடலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இறங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பூவை விட்டுப் பார்த்தால் காற்றுக்கே நகரும், நம்ப முடியாது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, மூடி, நூல் கட்டி இடுப்பளவு நீரில் விடுங்கள். கரையில் 10 மீட்டர் அளந்து வைத்து நேரம் பாருங்கள். அதைக் கடக்க 30 நொடிக்கும் குறைவாக ஆனால் அந்த இடம் வேண்டாம். சிறுவர்களுக்கு 60 நொடி என்று வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளை நுரைக்கு நடுவே அலை உடையாமல் கருநீலமாகத் தெரியும் பட்டைதான் வாய். அமைதியாக இருக்கிறதே என்று அங்கே போகிறவர்கள்தான் அதிகம். அதற்கு நேராக உள்ள கரையை விட்டுத் தள்ளியே நில்லுங்கள்.

ஓட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்துவதால்தான் களைத்து மூழ்குகிறார். வாய்க்கு இன்னும் தூரமிருந்தால் ஓட்டத்துக்குக் குறுக்காக, கரைக்கு இணையாக நீந்த வேண்டும். வாய்க்குள் போய்விட்டால் அதுவும் கூடாது, இருபுறமும் பவளம் கிழிக்கும். மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். வெளியே ஆழத்தில் நீர் பரவுவதால் இழுப்பு தளரும். சேலை, வேட்டியுடன் இறங்குவோர் முழங்காலுக்கு மேல் போகாமல் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதே சரி. காப்பாற்றப் போகிறவரும் வெறுங்கையோடு பாயக் கூடாது. காலி நீர்க்கேனாவது கையில் இருக்கட்டும்.

வானிலை நிலையம் அன்றாடம் ஏற்ற, வற்ற நேரங்களை அறிவிக்கிறது. தங்கள் நாளிதழில் பஞ்சாங்கப் பகுதியின் அருகே அவற்றையும் அலை உயரத்தையும் வெளியிட்டால் உதவியாக இருக்கும். நேரம் மட்டும் போதாது, அலை உயரம் கட்டாயம் வேண்டும். இட ஏற்பாடு செய்யும் கோயில் நிர்வாகத்தினர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இப்படிக்கு,
கடல் அறிந்த வாசகர்கள் சிலர்,
மாஹெபூர்.