இட்டேரிக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே டயர்

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், தென்னைக்கு இனிக் கவலையில்லை.

பிக்கப்புக்கு எந்த ஏ.டி. டயர் (ஆல் டெரைன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடலாம் என்று கேட்டிருக்கிறாய். கம்பெனி பேரைக் கடைசியில் பார்க்கலாம். உன் வண்டி எதில் அதிகம் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. காங்கேயத்திலிருந்து திருப்பூர், ஈரோடு போய்வருவது முழுக்கத் தார். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரி, அப்புறம் தோட்டத்துக்குள் செம்மண்ணும் சுக்காங்கல்லும். நூறு கிலோமீட்டர் ஓடினால் மண்ணில் பத்துகூடத் தேறாது. இந்தக் கணக்குக்கு, படத்தில் பார்க்க மிரட்டலாக இருக்கும் மட் டயர், அதாவது பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டி) வைத்த சேற்று டயர், வேண்டவே வேண்டாம். பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அதிகம், தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு. மழையில் வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவிலோ திம்பத்தின் 27 வளைவிலோ பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஏ.டி.யிலேயே இரண்டு தினுசு உண்டு. பட்டன் நெருக்கமாக, ஒவ்வொரு பட்டன் மேலும் பிளேடால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் உள்ள டயர் ஒன்று. மட் டயருக்குப் பக்கத்தில் வரும் முரட்டு டயர் இன்னொன்று. உனக்கு முதல் தினுசு. ஈரத் தாரில் அந்தக் கீறல்களின் விளிம்புதான் பிடிக்கும்.

அளவை மாற்றாதே. இப்போது இருப்பது 255/60 ஆர்18, அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம். அதன் முழு விட்டம் 763 மில்லிமீட்டர். 265/60 போட்டால் 775 வரும். 12 மில்லிமீட்டர் கூடினாலும், வண்டி தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 6 மில்லிமீட்டர்தான். அதற்காக ஸ்பீடோமீட்டரைக் கெடுத்து, எடை கூட்டி, டீசல் செலவு செய்வதில் அர்த்தமில்லை. 265/70 வரை போனால் 828. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசும், சக்கரம் பெரிதானதால் வண்டியின் இழுவையும் குறையும்.

அளவுக்குப் பின்னால் சைடு வாலில் (டயரின் பக்கச்சுவரில்) 112 எஸ் என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. 109 என்றால் 1,030 கிலோதான். கதவுத் தூண் ஸ்டிக்கரிலும் பழைய டயரிலும் உள்ள லோடு எண்ணுக்குக் கீழே எதையும் வாங்காதே, கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

எல்.டி. டயர் (லைட் டிரக், சின்ன லாரிக்கானது) கெட்டியாச்சே, அதையே போடலாமா என்று நீ கேட்பாய். கல் குவாரிக்கும், தினமும் முழு லோடுக்கும் ஓடும் வண்டிக்கு அது சரி. அதே எடையைத் தாங்க எல்.டி.க்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய டயருக்கு வைத்த காற்றையே அதில் வைத்தால் ஓரம் தேயும், சூடு ஏறும். காற்றைக் கூட்டினால், காலி வண்டி ஒவ்வொரு குழியிலும் துள்ளும். உனக்கு வாரத்தில் ஐந்து நாள் பின்பக்கம் காலி.

உன் ஊரில் டயரைக் கொல்வது முள்தான், அதை விரிவாகவே எழுதுகிறேன். கிளுவை வேலியைக் கழித்துவிட்டு அடைப்புக்கு வெட்டிப் போடும் வெள்வேல முள்ளும், சீமைக்கருவேல முள்ளும் இட்டேரியில் விழுந்து கிடக்கும். ஆணி ஏறினால் அப்படியே நிற்கும், கண்ணில் படும். முள் ஏறினால் வெளியே ஒடிந்து, நுனி உள்ளேயே தங்கிவிடும். காற்று ஒரேயடியாக இறங்காது. வாரத்துக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ எனக் கசியும். கவனிக்காமல் தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் சைடு வால் மடிந்து மடிந்து சூடாகி, உள்ளே நூல் விட்டுப்போகும். அப்புறம் பஞ்சர் ஒட்டியும் பிரயோசனமில்லை. ஒரு சக்கரத்தில் மட்டும் திரும்பத் திரும்பக் காற்று குறைந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார், குமிழி வரும். பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் பிளக் போடச் சொல். வெளியிலிருந்து திணிக்கும் திரி வீடு வந்து சேரத்தான். ஓட்டை சைடு வாலில் என்றால் அந்த டயரின் கதை முடிந்தது, ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதே. ஏ.டி.யில் ரப்பர் ஆழம் சாதா ரோடு டயரைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல். சின்ன முள் உள்ளே எட்டாமல் போவது அதனால்தான். தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த அனுகூலம் போச்சு, சட்டம் 1.6 வரை விட்டாலும் நீ காத்திருக்காதே.

உடுமலைப் பக்கம் மச்சினர் காடு கரிசல். மழை பெய்த மறுநாள் எந்த ஏ.டி.யும் அங்கே செல்லாது. மண் பட்டன் இடுக்கை நிரப்பிக்கொண்டால் டயர் மொழுக்கென்று ஆகிவிடும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆக்சில் வரை புதையும். காய விட்டுப் போவதே நல்லது. உழுத மண்ணிலும் ஆற்று மணலிலும் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து எடையைப் பரப்பும். 15க்குக் கீழே போனால், ஒடித்துத் திருப்பும்போது ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ஏறும் முன் திரும்ப நிரப்ப, பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். மற்ற நாளில் ஸ்டிக்கரில் போட்ட அளவு, காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்தது. சித்திரை வெயிலில் ஓடி வந்து நிறுத்திச் சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதை இறக்கிவிடாதே.

ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தையும் ஒரே மாதிரி வாங்கு. முன்னும் பின்னும் விட்டம் மாறினால் ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் பாரத்தை வாங்கும். ஃபோர் வீலைத் தாரில் போடவே கூடாது என்பது உனக்குத் தெரியும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றி மாற்றினால் சமமாகத் தேயும். மாட்டும்போது வால்வு புதுசு, பேலன்சிங், அலைன்மென்ட். நட்டை எதிர் எதிராக முடுக்கச் சொல். நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி சரிபார்.

கம்பெனி என்றால், யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி., அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2 இரண்டும் உனக்கு ஏற்ற மென்மையான தினுசு. பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 பக்கச்சுவர் நல்ல உரம், ஆனால் கல்லுக்கும் மலைக்கும் செய்தது. கனமும் கூடுதல், உனக்கு அவ்வளவு தேவையில்லை.

கடையில் பணம் கொடுக்கும் முன் சைடு வாலில் சின்ன வட்டத்துக்குள் உள்ள நான்கு எண்ணைப் பார். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரித்தது. ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வேறு எடுக்கச் சொல். ஐந்திலும் தனித்தனியாகப் பார். நாலு புதுசோடு ஒரு பழசைச் சேர்த்துத் தள்ளிவிடுவது உண்டு. மாதிரி பேரையும் லோடு எண்ணையும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை