24 கிராம் ஈயத்தின் எடை, வெடிமருந்தின் எடை அல்ல

சுங்கை சிப்புட், பேராக்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. போன மாதம் உங்கள் கடையில் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்கான, களிமண் தட்டு சுடும் டார்கெட் தோட்டா 10 பெட்டி வாங்கினேன். பெட்டிக்கு 25 தோட்டா, ஆக மொத்தம் 250 தோட்டா. உரிமம், பெர்மிட், ரசீது எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. உங்கள் கடையில் தமிழில் பேசித்தான் வாங்கினேன், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பழைய சரக்கில் ஒரு குறையும் இல்லை. இந்தப் புதுச் சரக்கில் முதல் பெட்டியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஒன்று 'டமால்' என்று வெடித்தால் அடுத்தது 'புஸ்' என்கிறது. தோளில் உதையும் ஒரே மாதிரி இல்லை. துப்பாக்கியை ஒடித்து, அதாவது மடக்கித் திறந்து பார்த்தால் குழாய்க்குள் எரியாத வெடிமருந்துத் துகள் தவிடு மாதிரி ஒட்டியிருக்கிறது. மூன்றாவது பெட்டியில் ஒரு தோட்டா மிகவும் மெதுவாகச் சத்தமிட்டது. நான் அடுத்த தட்டைக் கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற கிராணி, "சுடாதே தம்பி, ஒடி!" என்று கத்தினார். ஒடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாட் (மருந்துக்கும் ஈயக் குண்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்பு) குழாயின் நடுவில் சிக்கி நின்றது. அதன்மேல் இன்னொன்று சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும். என் இடது கை அதற்குக் கீழேதான் இருந்தது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். உங்கள் ஆள் சொன்ன பதில்: "பழசும் 24 கிராம், புதுசும் 24 கிராம், எல்லாம் ஒன்றுதான் அண்ணே. சோக்கை இறுக்கமாகப் போட்டுப் பாருங்கள்." சோக் என்பது குழாய் முனையின் குறுக்கம், அது குண்டு பரவுவதை மாற்றும், மருந்து எரிவதை மாற்றாது. அந்த 24 கிராமும் ஈயக் குண்டுகளின் எடை. மருந்து ஒரு கிராமுக்குச் சற்று மேலேதான் இருக்கும். எந்த மருந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 24 கிராம் இலேசான சுமை, அதற்குச் சட்டென்று எரியும் மருந்து வேண்டும். காப்பித் தண்ணீர் வைக்கச் சுள்ளி போதும். பெரிய ரப்பர் கட்டையைச் செருகினால் புகைதான் வரும். கனமான சுமைக்குரிய மெதுவான மருந்தை இதில் போட்டால், அழுத்தம் ஏறுவதற்குள் ஈயம் நகர்ந்துவிடும், மருந்து பாதி எரிந்தும் பாதி எரியாமலும் நின்றுவிடும். என் குழாயில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பலர் காலித் தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். எந்தச் சுமைக்கு எந்த மருந்து என்று தாங்களே அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ரெட் டாட் என்ற மருந்தில் சிவப்புத் துகளும், அதைவிட மெதுவாக எரியும் கிரீன் டாட்டில் பச்சைத் துகளும் கலந்திருக்கும், பார்த்ததுமே எது என்று சொல்லிவிடலாம். இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கும்போது உரிமம் இல்லாமல் யாரும் தோட்டா நிரப்ப முடியாது. சரி, அது நல்லதுதான். ஆனால் எனக்காக மருந்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உங்கள் தொழிற்சாலைக்காரர்கள். மருந்தை மாற்றினால் பெட்டியிலாவது எழுத வேண்டாமா?

"ஈரத்தில் வைத்திருப்பீர்கள்" என்று நீங்கள் சொல்லலாம். போன ஆண்டு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு பெட்டியும் இதே இரும்பு அலமாரியில்தான் இருந்தது. அதையும் அதே நாளில் சுட்டேன், 25-உம் ஒரே சத்தம். வெட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் தோட்டாவைக் கத்தியால் குடைகிற ஆள் நான் இல்லை.

அதனால் கேட்கிறேன்: பெட்டியில் அச்சடித்த சரக்கு எண்ணின் படத்தை இணைத்திருக்கிறேன், இதே எண்ணில் மற்றவர்களுக்கு விற்பதை உடனே நிறுத்துங்கள். இந்தப் பக்கத் தோட்டங்களில் செம்பனைக்குள் காட்டுப்பன்றி விரட்டுகிறவர்களும் உங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். வெளிச்சம் இல்லாத நேரத்தில் குழாய்க்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. என் மிச்சப் பெட்டிகளை மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள். மருந்து மாறியதா இல்லையா என்று தொழிற்சாலையிடம் கேட்டு எழுத்தில் சொல்லுங்கள்.

14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடுவேன். தோட்டாவைத் தபாலில் அனுப்ப முடியாது. திறக்காத 7 பெட்டியும், சிக்கிய அந்த வாட்டும் என்னிடம் பூட்டியே இருக்கின்றன. உரிய அனுமதியோடு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முதல் நாள் போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்