வலி போச்சா என்று கேட்காதே

அன்புள்ள கண்ணு,

வெள்ளிக்கிழமை நீ போன் போட்டபோது வீட்டில் ஆள் இருந்தார்கள், மனம்விட்டுப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் "வலி போயிடுச்சாம்மா?" என்கிறாய். இல்லை என்றால் உன் குரல் இறங்கிவிடுகிறது. மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டிதான் போய்விட்டதே, பிறகு ஏன் வலி என்று உனக்குக் கலக்கம். இது அந்த வைத்தியம் விட்டுப்போன வலி. கீமோவில் ஏற்றிய பாக்லிடாக்சல் மருந்து நரம்பைத் தாக்கும். நீளமான நரம்பு என்பதால் கால் விரல்தான் முதலில் மாட்டும். அக்குளில் நெறிக்கட்டி எடுக்கும்போது மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகிற நரம்பு அடிபடுவது உண்டு. அதனால்தான் அந்த இடம் மரத்தும் கிடக்கிறது, சுரீர் என்றும் இழுக்கிறது. காலையில் விரல் மடங்காதது லெட்ரோசோல் மாத்திரையின் கைங்கரியம். அதை நானாக நிறுத்த மாட்டேன், நோய் திரும்பாமல் இருக்கத்தான் அது.

நான் போடும் டுலாக்செடின் மாத்திரையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அது மனச்சோர்வுக்குத் தருவதாச்சே" என்று பதறினாய். அதற்கும்தான் தருவார்கள். கீமோவால் வரும் நரம்பு வலிக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். போட்ட அன்றே கேட்காது, சில வாரம் ஆகும். முதலில் குமட்டியது, சாப்பாட்டுக்குப் பின் போட்டதும் சரியாயிற்று. திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் தீர்வதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுகிறேன்.

டாக்டரம்மா பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு மார்க் போடச் சொல்வார். அப்புறம் அவர் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும்: "இந்த வாரம் என்னென்ன செய்தீர்கள்?" நீயும் அதைக் கேள். நான்கு மார்க் வலியோடு மாடியில் நடந்தேன், மூட்டு இறுக்கத்துக்கு நடைதான் மருந்து. சுவரில் விரலை ஏணி ஏறுவதுபோல் ஏற்றுகிறேன். விரல் எட்டிய உயரத்தில் போடும் பென்சில் கோடு ஜன்னல் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டது. நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையால் குடமே தொடாதே என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பிசியோதெரபி பெண்ணோ, அசைக்காமல் வைத்தால்தான் தோள் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுங்கள் என்கிறாள். நான் அவள் கட்சி.

காசிமேட்டில் மீன் வாங்குவதை விடவில்லை. சங்கரா முள் குத்தினால் விரலுக்குத் தெரியாது, ரத்தம் வந்தபின்தான் தெரியும். அங்கேயே காசு கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி வருகிறேன். உங்கப்பாவுக்கு அது வீண்செலவு! தெரிந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஆலந்தூர் வரை தனியாகப் போய் வந்தேன். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது எனக்காகவே வந்த மாதிரி. தண்டையார்பேட்டையில் லிஃப்டில் இறங்கினால் போதும். பஸ் படியில்தான் கால் எங்கே பதிகிறது என்று தெரியாமல் தடுமாறுகிறேன்.

நீ அனுப்பிய கால் மசாஜ் மெஷினில் அதிர்வு மட்டும் போடுகிறேன். சூட்டுப் பொத்தானைத் தொடுவதில்லை. மரத்த காலுக்குச் சுட்டது தெரியாது, கொப்பளித்தபின்தான் தெரியும். குளிக்கும் வெந்நீரையும் முழங்கை வைத்துப் பார்த்துத்தான் ஊற்றிக்கொள்கிறேன்.

உன் பயம் வேறு என்பதும் தெரியும். புதிதாக ஒரு இடத்தில், எலும்புக்குள் நோவதுபோல், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து, நாளுக்கு நாள் கூடினால் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க மாட்டேன். உடனே போய்விடுவேன், உனக்கும் சொல்வேன். பழைய எரிச்சல் சிலருக்கு மாதக்கணக்கில் குறையும், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். எனக்கு எது என்று டாக்டரே சொல்லவில்லை. நீ ஏன் வெள்ளிக்கு வெள்ளி அதற்கு நாள் குறிக்கிறாய்?

லீவில் வரும்போது எண்ணெய், மெஷின் எதுவும் வேண்டாம். பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி எடுத்து வா, அளவு ஏழு. இப்போது போடுவது பாதி வழியில் கழன்றுகொள்கிறது, காலுக்கு அதுகூடத் தெரிவதில்லை. பின்னால் வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா